வானில் வீழ்ந்தவை எத்தனை? வென்றவர் சொன்ன கணக்கும் தோற்றவர் எழுதிய பதிவேடும்

தமிழில் பரணி என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவதற்குரியது அது எனப் பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்தன. அந்த ஆயிரம் யானைகளையும் எண்ணியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. புகழ்ப் பாட்டிலே கணக்குக் கேட்பது மரபும் அல்ல. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் போர் வானத்துக்கு ஏறிய பின்னர், வென்றவர் கூறும் எண்ணிக்கை வெறும் புகழ்மொழியாக நின்றுவிடவில்லை. நாளை எத்தனை விமானங்களை அனுப்புவது, எந்தத் தளபதியை மாற்றுவது, எந்தத் தீவில் படையை இறக்குவது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் கணக்காக அது மாறியது. ஆகவே, அக்கணக்கைச் சரிபார்க்கும் ஆய்வு வரலாற்றுத் துறையில் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்துள்ளது. அது கண்டறிந்தவை விமானங்களில் ஆர்வமுள்ளோருக்கு மட்டுமன்றிப் போர்ச் செய்திகளை வாசிக்கும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

185 எப்படி 60 ஆனது?

1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி. பிரித்தானியாவின் மீது ஜேர்மனி நடத்திய விமானத் தாக்குதல் உச்சக்கட்டத்தை அடைந்த நாள். அன்று 185 ஜேர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக லண்டன் அறிவித்தது. அந்த எண்ணிக்கை உலகெங்கும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. பிரித்தானிய மக்கள் இன்றும் அந்நாளை நினைவுகூருகின்றனர். ஆனால், போர் முடிந்து ஜேர்மன் ஆவணங்கள் கைப்பற்றப்பட்டபோது, அன்று ஜேர்மனி உண்மையில் இழந்தவை ஏறத்தாழ 60 விமானங்களே எனத் தெரியவந்தது. அறிவிக்கப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு.

முழுப் போருக்குமான கணக்கை 1947இல் பிரித்தானிய விமானத்துறை அமைச்சு வெளியிட்டது. 1940 ஜூலை 10 முதல் ஒக்டோபர் 31 வரை பிரித்தானியர் வீழ்த்தியதாகக் கூறியவை 2,698. ஜேர்மனியரின் பதிவேடுகளின்படி அவர்கள் இழந்தவை 1,733. மறுபுறம், ஜேர்மனியர் வீழ்த்தியதாகக் கூறியவை 3,058. பிரித்தானியர் உண்மையில் இழந்த போர் விமானங்களோ 915. பிற்கால ஆய்வுகள் இவ்விலக்கங்களைச் சிறிதளவு திருத்தியுள்ளன எனினும் அவை சொல்லும் செய்தி மாறவில்லை. இரு தரப்பும் மிகைப்படுத்தின. பிரித்தானியர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், ஜேர்மனியர் மூன்று மடங்குக்கு மேலும் மிகைப்படுத்தியிருந்தனர்.

இதை வாசிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, இரு தரப்பும் பொய் சொன்னார்கள் என்பதாகும். ஆனால், ஆய்வாளர்கள் அந்த முடிவுக்கு வரவில்லை.

கண் கண்டதும் காணாததும்

எதிரெதிராக வரும் இரண்டு விமானங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால், அவற்றுக்கிடையிலான தூரம் ஒவ்வொரு விநாடியிலும் ஏறத்தாழ 280 மீற்றர் குறைகிறது. 1940ஆம் ஆண்டின் பிரித்தானியப் போர் விமானம் ஒன்றில் இருந்த தோட்டாக்கள் தொடர்ந்து சுட்டால் 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். சுட்ட விமானி தன் இலக்கு தரையில் வீழ்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், அவனுக்குப் பின்னால் வரும் எதிரி அவனை வீழ்த்திவிடுவான். ஆகவே, அவன் காண்பது ஒரு கணம் மாத்திரமே. இலக்கிலிருந்து புகை கிளம்புகிறது. அது தலைகுப்புறக் கவிழ்ந்து மேகத்துக்குள் மறைகிறது. அவன் திரும்பிவிடுகிறான்.

அந்தப் புகை எல்லா வேளைகளிலும் தீயின் புகையல்ல. ஜேர்மன் மெஸ்ஸர்ஸ்மிட் 109 விமானம் ஆபத்து நேரும்போது மூக்கைக் கீழே தாழ்த்தி முழு வேகத்தில் பாய்ந்து தப்புவது வழக்கம். அவ்வேளையில் அதன் இயந்திரம் கரும்புகையைக் கக்கும். துரத்தி வந்தவனின் கண்ணுக்கு அது எரிந்து வீழும் விமானம். உள்ளே இருந்தவனுக்கோ அது வீடு திரும்பும் பாதை.

இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. ஒரு விமானத்தை மூன்று பேர் வெவ்வேறு கணங்களில் சுடுகிறார்கள். மற்றவர் சுட்டதை ஒருவரும் காணவில்லை. அது வீழ்வதை மூவரும் காண்கிறார்கள். தளத்துக்குத் திரும்பிய மூவரும் புலனாய்வு அதிகாரியிடம் உண்மையையே கூறுகின்றனர். ஆனால், பதிவேட்டில் ஒரு விமானம் மூன்றாகிவிடுகிறது. வானில் விமானங்கள் எவ்வளவு அதிகமோ, இந்தப் பெருக்கமும் அவ்வளவு அதிகம். 1943 ஓகஸ்ட் 17ஆந் திகதி ஜேர்மனியின் ஷ்வைன்பேர்ட், ரேகன்ஸ்பேர்க் நகரங்களைத் தாக்கிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கியாளர்கள் 288 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கூறினர். நெருங்கிய வரிசையாகப் பறக்கும் அவ்விமானங்களிலிருந்து ஒரே எதிரியைப் பலர் ஒரே வேளையில் சுடுவர். அன்று ஜேர்மனி இழந்த போர் விமானங்கள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. அமெரிக்கர் இழந்தவையோ 60 குண்டுவீச்சு விமானங்கள்.

வேண்டுமென்றே பொய்யுரைத்தவர்கள் இருக்கவில்லை என்பதல்ல. 1942 ஓகஸ்டில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஜேர்மனியின் 27ஆவது போர் விமானப் பிரிவைச் சேர்ந்த நால்வர், வெற்று மணலில் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி, ஒரே மாதத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். சாட்சி இன்றி வெற்றியை ஏற்பதில்லை என்ற ஜேர்மனியரின் கடும் விதியாலும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆயினும், இத்தகையவை விதிவிலக்குகள். மிகைப்படுத்தலின் பெரும்பகுதி நேர்மையானவர்களின் சாட்சியத்திலிருந்தே பிறந்தது. இந்த ஆய்வு தரும் முதற்பாடமும் அதுவே. சாட்சி நேர்மையானவர் என்பதனால் சாட்சியம் சரியாகிவிடுவதில்லை.

இழந்தவனின் பேரேடு

அவ்வாறாயின் எதை நம்புவது? ஆய்வாளர்கள் கண்ட விடை சற்று வியப்பூட்டுவது. உங்கள் வெற்றியை அறிய எதிரியின் ஏட்டைப் பாருங்கள் என்பதே அது.

பகைவன் வெளியிடும் அறிக்கையை அல்ல, அவன் தனக்காக எழுதிய உள்ளகப் பதிவேட்டையே இங்கு குறிப்பிடுகிறோம். ஜேர்மன் விமானப்படையின் வழங்கல் தலைமையகத்துக்கு ஒவ்வொரு பிரிவும் தன் இழப்புகளை அனுப்பியது. விமானத்தின் வகை, தொழிற்சாலை இலக்கம், சேதத்தின் சதவீதம், விமானியின் பெயர், அவர் மாண்டாரா, காயமுற்றாரா, காணாமற்போனாரா என்ற விபரம் யாவும் அதில் இருந்தன. அப்பதிவேடு மக்களுக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. மாற்று விமானமும் மாற்று விமானியும் பெறுவதற்காக எழுதப்பட்டது. இழப்பை மறைக்கும் பிரிவுக்குப் புதிய விமானம் கிடைக்காது. மாண்டவரின் பெயரை மறைத்தால் அவருடைய குடும்பத்துக்குக் கடிதம் போகாது. ஆகவே, பிரசாரத்துக்குப் பொய்யுரைத்த அதே அரசு தன் களஞ்சியக் கணக்கில் உண்மையை எழுத வேண்டியிருந்தது.

சரிபார்க்கும் முறையும் இதனின்றே பிறந்தது. முதலில் ஒரு நாளின் உரிமைகோரல்கள் அனைத்தும் நேரம், இடம், உயரம், விமான வகை என்ற ஒழுங்கில் வரிசைப்படுத்தப்படுகின்றன. அடுத்து, எதிர்த்தரப்பின் அன்றைய இழப்புகள் அதே ஒழுங்கில் எதிரே வைக்கப்படுகின்றன. பின்னர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கப்படுகிறது. தரையில் கிடைத்த சிதைவுகள், கல்லறைப் பதிவுகள், கைதிகளின் வாக்குமூலங்கள் என்பனவும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. பொருந்தாமல் எஞ்சி நிற்கும் உரிமைகோரல்களே மிகையானவை.

இதிலும் அவதானம் வேண்டும். சேதமுற்றுத் தளம் திரும்பிப் பின்னர் கைவிடப்பட்ட விமானம் இழப்பா, அல்லவா? எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது எவருடைய வெற்றி? அழிந்துபோன ஏடுகளுக்கு என்ன செய்வது? ஜேர்மனியின் இறுதிக்காலப் பதிவேடுகள் பல கிடைக்கவில்லை. 1945இல் சரணடைந்தபோது ஜப்பானியர் தம் ஆவணங்களில் பெரும்பகுதியை எரித்தனர். ஏடு இல்லாத இடத்தில் இழப்பு இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறே.

ஒரே படை, இரு கணக்குகள்

மிகைப்படுத்தல் தேசத்தின் குணமல்ல, சூழ்நிலையின் விளைவு என்பதைப் பிரித்தானிய விமானப்படையின் அடுத்த ஆண்டு அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. 1940இல் அது தன் சொந்த நிலத்தின் மீது போரிட்டது. வீழ்ந்த விமானங்களிற் பல கென்ற், சசெக்ஸ் வயல்களில் கிடந்தன. அவற்றைச் சென்று பார்க்க முடிந்தது. 1941இன் கோடையில் அதே படை கால்வாயைக் கடந்து பிரான்ஸின் மீது போரிடச் சென்றது. அங்கு வீழ்ந்தவற்றைப் பார்வையிட எவராலும் முடியாது. ஜூன் நடுப்பகுதி முதல் ஆண்டிறுதி வரை 731 ஜேர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அது கணக்கிட்டது. ஜேர்மன் பதிவேடுகளின்படி அப்போரில் வீழ்ந்தவை 103 மாத்திரமே. தன் பக்கத்தில் இழந்தவையோ 411. ஒன்றரை மடங்காக இருந்த மிகைப்படுத்தல் ஓராண்டுக்குள் ஏழு மடங்காகிவிட்டது. மனிதர்களும் விதிகளும் பெரிதும் மாறவில்லை. சிதைவைச் சென்று பார்க்கும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று. வெற்றி என்று நம்பப்பட்ட அந்த நடவடிக்கை உண்மையில் பெருந்தோல்வி என்பது அக்கணக்கை ஒப்புநோக்கிய பின்னரே புலனாயிற்று.

எண்ணிக்கை தீர்மானமாகும்போது

தவறான கணக்கைப் பத்திரிகை அச்சிட்டால் வாசகன் ஏமாறுவான். தளபதி அதை நம்பினால் படை அழியும். 1940 செப்டெம்பரில் ஜேர்மன் புலனாய்வுப் பிரிவு தன் விமானிகளின் கணக்கைக் கழித்துக் கழித்து, பிரித்தானியாவிடம் எஞ்சியிருக்கும் போர் விமானங்கள் மிகச் சிலவே என்ற முடிவுக்கு வந்தது. செப்டெம்பர் 15ஆந் திகதி லண்டனை நோக்கிப் பறந்த ஜேர்மனியர், இல்லாதுபோனவை என்று கருதப்பட்ட விமானங்கள் நூற்றுக்கணக்கில் எதிரே வரக் கண்டனர்.

பிரித்தானியரும் தம் கணக்கினால் பாதிக்கப்படாமல் இல்லை. பெரிய அணிகளாகத் திரண்டு தாக்குவதே சிறந்தது என வாதிட்ட தளபதி லீ-மலறி, அவ்வணிகளின் பெருந்தொகையான வெற்றிகளைச் சான்றாகக் காட்டினார். பெரிய அணிகளிலேதான் ஒரு விமானம் பலரால் எண்ணப்படும் வாய்ப்பும் அதிகம் என்பதை அன்று எவரும் சிந்திக்கவில்லை. அப்போரை வென்று கொடுத்த டவுடிங் 1940 நவம்பரிலும், அவருடைய வலக்கரமாக விளங்கிய கீத் பார்க் அடுத்த மாதத்திலும் தம் பதவிகளிலிருந்து அகற்றப்பட்டனர். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் அந்த மிகைக் கணக்குக்கும் அதில் பங்குண்டு.

மிகக் கொடிய விலையைச் செலுத்தியவர்கள் ஜப்பானியரே. 1944 ஒக்டோபரில் போர்மோசா எனப்பட்ட தாய்வானுக்கு அப்பால் அமெரிக்கக் கப்பற்படையைத் தாக்கிய ஜப்பானிய விமானிகள் திரும்பி வந்து கூறியவற்றை வைத்து, 11 விமானந்தாங்கிக் கப்பல்களும் 2 போர்க்கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டதாக டோக்கியோ அறிவித்தது. உண்மையில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. இரண்டு குறூஸர்கள் கடும் சேதமுற்றன. தாக்குதல்களிற் பல இருளில் நடந்தவை. கடலில் எரிந்து வீழ்ந்த தம் சொந்த விமானங்களின் தீயையே அனுபவமற்ற விமானிகள் எரியும் கப்பல்களாகக் கண்டனர். கனோயா தளத்தில் திரும்பி வந்த விமானிகளை விசாரித்த ஹோரி எய்சோ என்ற தரைப்படைப் புலனாய்வு அதிகாரி, கப்பல் மூழ்கியதை எவ்வாறு அறிந்தீர்கள் எனத் துருவிக் கேட்டு, இக்கணக்கை நம்ப முடியாது என மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவருடைய எச்சரிக்கை எடுபடவில்லை. கடற்படைத் தலைமையகம் பின்னர் தானே ஐயம் கொண்டபோதும் அதைத் தரைப்படைக்கு அறிவிக்கவில்லை. அமெரிக்கக் கப்பற்படை அழிந்துவிட்டது என்று நம்பிய தரைப்படை, லூசோன் தீவில் நடத்தவிருந்த தீர்க்கமான போரை லெய்ற்றே தீவுக்கு மாற்றியது. அங்கு அனுப்பப்பட்ட பல்லாயிரக்கணக்கான ஜப்பானியப் படையினரில் மிகச் சிலரே உயிர்பிழைத்தனர்.

கொழும்பு வானில்

இக்கதைக்கு இலங்கையிலும் ஓர் அத்தியாயம் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் என்றால் இன்று எமது நினைவுக்கு வருவது 2019ஆம் ஆண்டின் துயரமாகும். அதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்னர், 1942 ஏப்ரல் 5ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில், அட்மிரல் நாகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட 120க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன், புல்மார் விமானங்கள் மேலெழுந்து அவற்றை எதிர்த்தன.

அன்று இருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாகப் பிரித்தானியர் கூறினர். ஜப்பானியரோ ஐம்பது அளவில் பிரித்தானிய விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கெழுதினர். அவர்களின் கணக்கில் ஸ்பிட்பயர் விமானங்களும் இருந்தன. இலங்கையில் அன்று ஒரு ஸ்பிட்பயர்கூட இருக்கவில்லை. பிரித்தானியர் உண்மையில் இழந்தவை 25க்கும் 27க்கும் இடைப்பட்டவை. அவற்றில் ஆறு, மெதுவாகப் பறக்கும் சுவோட்பிஷ் விமானங்களாகும். ஜப்பானியர் கொழும்பில் இழந்தவையோ ஏழு விமானங்கள் மாத்திரமே.

இங்கு ஒரு வேடிக்கையான முரண்பாட்டையும் காணலாம். வின்ஸ்டன் சேர்ச்சில் தமது உலகப்போர் வரலாற்றின் இரண்டாம் பாகத்தில், 1940ஆம் ஆண்டுக்கான பிரித்தானியக் கணக்கு மிகையானது என்பதை ஜேர்மன் பதிவேடுகளின் துணையுடன் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டார். ஆனால், 1950இல் வெளிவந்த நான்காம் பாகத்தில், கொழும்பில் 21 ஜப்பானிய விமானங்கள் அழிக்கப்பட்டதாகவே எழுதினார். ஜேர்மன் ஏடுகள் அவர் கையில் இருந்தன. ஜப்பானிய ஏடுகள் இருக்கவில்லை. எஞ்சிய ஜப்பானியக் கப்பல்களின் விமானப் பிரிவு அறிக்கைகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் படித்து வெளிப்படுத்திய பின்னரே கொழும்பின் கணக்கு திருத்தப்பட்டது. கிறிஸ்தோபர் ஷோர்ஸ், பிறயன் கல் ஆகிய பிரித்தானியருடன் யசுஹோ இசாவா என்ற ஜப்பானியரும் சேர்ந்து எழுதிய நூலில் அந்த ஒப்பீடு 1993இல் விரிவாக வெளிவந்தது. போர் முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், முன்னாள் பகைவர்கள் ஒரே மேசையில் அமர்ந்தபோதே அது கைகூடியது.

அந்தத் திருத்தம் ஒரு நம்பிக்கையையும் அசைத்தது. கொழும்பிலும், நான்கு நாட்களின் பின் திருகோணமலையிலும் ஏற்பட்ட கடும் இழப்பினாலேயே ஜப்பானியர் பின்வாங்கினர் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. ஆனால், நாகுமோ வந்தது இலங்கையைக் கைப்பற்றுவதற்கு அல்ல, தாக்கிவிட்டுத் திரும்புவதற்கே. அதனால், எதிர்த்துப் பறந்தவர்களின் துணிவு குறைந்துவிடவில்லை. தம்மிலும் பல மடங்கு வலிமை கொண்ட, அனுபவம் மிக்க எதிரியை அவர்கள் எதிர்கொண்டார்கள் என்பதைச் சரியான கணக்கு இன்னும் தெளிவாக்குகிறது.

ஏடு திறக்கும் வரை

கமராக்கள் வந்த பின்னரும் சிக்கல் தீரவில்லை. கொரியப் போரில் அமெரிக்கரின் சேபர் விமானங்களில் துப்பாக்கியுடன் இணைந்த கமராக்கள் இருந்தன. தாம் 78ஐ இழந்து 792 மிக் விமானங்களை வீழ்த்தியதாக அமெரிக்கர் நீண்டகாலம் கூறி வந்தனர். 1990களில் சோவியத் ஆவணங்கள் வெளிவந்தபோது, சோவியத் படைப்பிரிவுகள் இழந்த மிக் விமானங்கள் 335 எனத் தெரிந்தது. சீன, வடகொரிய இழப்புகளைச் சேர்த்தாலும் பழைய பத்துக்கு ஒன்று என்ற விகிதம் நிலைக்கவில்லை. சோவியத் தரப்போ தன் பங்குக்கு 1,100க்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாகக் கூறியிருந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

எமது நாட்டு வாசகர்களுக்கு இவை அந்நியமான செய்திகள் அல்ல. 2009 வரை நீடித்த போரில், ஒரே மோதலில் மாண்டவர்கள் குறித்து இரு தரப்பும் வெளியிட்ட இரு வேறு எண்ணிக்கைகள் ஒரே செய்தியில் அருகருகே அச்சானதை நாம் ஆண்டுக்கணக்கில் வாசித்தோம். அவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை கிடைத்துவிடாது. ஒரு தரப்பின் கணக்கில் நாம் முதலில் நாட வேண்டியது, அது எதிரியைப் பற்றிச் சொன்னதை அல்ல, தன்னைப் பற்றித் தனக்காக எழுதிக்கொண்டதையே. எதிரியின் இழப்பு எப்போதும் எண்ணாகவே எழுதப்படுகிறது. சொந்த இழப்போ பெயர், ஊர், திகதி என்பவற்றுடன் எழுதப்படுகிறது. எண்ணைக் கூட்டலாம், பெருக்கலாம். பெயரைப் பெருக்க முடியாது.

ஆகவே, இனி எங்கு போர் மூண்டாலும், வெற்றி எண்ணிக்கையை வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. எண்ணியவர் எங்கிருந்து எண்ணினார்? வீழ்ந்ததைச் சென்று பார்க்க அவரால் முடிந்ததா? இழந்தவரின் ஏடு திறக்கப்பட்டுவிட்டதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைக்கும் வரை எந்தப் போரின் கணக்கும் முடிந்த கணக்கல்ல.